கடன் வாங்கிக் கழித்தல்: கல்லட்டி வளைவும் கவாத்துக் குச்சியும்

38−15 என்றால் சட்டென்று போட்டுவிடும் பிள்ளை, 36−17 வந்ததும் 21 என்று எழுதும். ஆறில் ஏழு போகாது என்று தெரியும். அதனால் ஏழில் ஆறைக் கழித்துவிடுகிறது. 'பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்' என்று நாம் சொன்னதைத்தான் செய்கிறது, பாவம். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பல பிள்ளைகளுக்குக் கணக்கு கசக்கத் தொடங்குவது இங்கேதான். பத்துத் தடவை திருத்தி எழுத வைத்தால் கசப்புதான் கூடும். குச்சியைக் கையில் கொடுங்கள்.

தேவையானவை

208 குச்சி, 20 ரப்பர் பேண்ட் (அறுந்தால் மாற்ற நாலைந்து கூடுதலாக), இரண்டு சின்னப் பைகள், ஒரு பெரிய தாள். கவாத்து வெட்டிய (செடியின் கிளைகளைக் கத்தரித்துவிட்ட) தேயிலைத் தோட்டம் பக்கத்தில் இருந்தால், பென்சிலைவிட மெல்லிய சிம்புகளைப் பொறுக்கி விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே கட்ட வேண்டும். நம் மலை ஈரத்தில் பச்சைக் குச்சி பூசணம் பிடித்துவிடும். தோட்டம் இல்லாதவர்கள் தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிவிட்டுப் பயன்படுத்தலாம்.

தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பத்துகள், வலப்பக்கம் ஒன்றுகள்.

படி 1: கட்டு கட்டுதல்

பத்துப் பத்தாக எண்ணிப் பிள்ளையே கட்டட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் அதற்கு அது வெறும் கட்டு. உள்ளே பத்து இருப்பது மனதில் பதியாது. அவசரப்படுத்தாதீர்கள், முதல் நாள் இதோடு முடிந்தாலும் சரி.

படி 2: 36−17

ஊட்டியிலிருந்து தலைக்குந்தா, கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 17 தாண்டியாயிற்று, இன்னும் எத்தனை?

மூன்று கட்டு இடப்பக்கம், ஆறு உதிரி வலப்பக்கம். 'ஏழு உதிரி எடு' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போதும் வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் கை தானாக ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது இரண்டு கட்டு, பதினாறு உதிரி. ஏழு உதிரி, ஒரு கட்டு எடுத்தால் மிச்சம் 19.

படி 3: எழுதுதல்

குச்சியில் ஏழெட்டுக் கணக்கு தடுமாறாமல் வந்த பிறகே பென்சில். கட்டை அவிழ்த்த அந்த நொடியிலேயே 3-ஐ அடித்து 2, 6-ஐ அடித்து 16 என்று எழுத வேண்டும். விடை 29 வந்தால், பத்தைக் குறைக்க மறந்துவிட்டது என்று பொருள். திட்ட வேண்டாம், '29-உம் 17-உம் கூட்டு' என்றால் போதும். 46 வந்ததும் அதற்கே தெரிந்துவிடும்.

படி 4: நடுவில் பூஜ்ஜியம்

பெரிய வகுப்புப் பிள்ளைகளும் வழுக்கும் இடம் இது. மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் பாதையில் 208 வளைவுகள். 59 போனால் மீதி?

தாளில் நூறுகளுக்கு இன்னொரு கட்டம் போட்டு, பைக்குப் பத்துக் கட்டாக இரண்டு பைகள் வையுங்கள். உதிரி எட்டுதான், பத்துகள் கட்டமோ காலி. ஒரு பையைத் திறந்து பத்துக் கட்டுகளையும் நடுவில் கொட்டி, அதில் ஒன்றை அவிழ்க்க வேண்டும். இப்போது ஒரு பை, ஒன்பது கட்டு, பதினெட்டு உதிரி. விடை 149.

தவறான விடையைப் பார்த்தே எங்கே தடுக்கியது என்று சொல்லிவிடலாம். 251 என்றால் பழைய 'பெரியதில் சின்னது' பழக்கம். 249 என்றால் பூஜ்ஜியத்தை ஒன்பதாக்கிவிட்டு, பை திறந்ததை மறந்துவிட்டது. 159 என்றால் நடுக்கட்டத்தைத் தொடாமல் நூறிலிருந்து நேராக உதிரிக்குத் தாவியிருக்கிறது; பையைத் திறக்கும் வேலையை மட்டும் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம்?

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். 'இன்னும் ஒண்ணு' என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

சில பிள்ளைகள் கடைக்காரர் சில்லறை கொடுப்பதுபோல மேலே எண்ணிக்கொண்டே போகும்: 17-லிருந்து 20-க்கு மூன்று, 20-லிருந்து 36-க்குப் பதினாறு, ஆக 19. பள்ளியில் சொன்ன முறை இல்லையே என்று தடுக்காதீர்கள். ரயில் குன்னூருக்கு வந்தது 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். நடுவில் எத்தனை வருடம் என்று கேட்டுப் பாருங்கள். இதற்குக் கட்டு அவிழ்ப்பதுதான் வீண் வேலை. 1900-க்கு ஒன்று, அங்கிருந்து எட்டு.