வகுப்பறையில் இணையக் கருவிகள்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் வாட்ஸ்அப் குழு எதில் இருந்தாலும், 'ஆசிரியர்களுக்குப் பயனுள்ள 100 இணையதளங்கள்' என்ற பட்டியல் அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் சேமித்து வைக்கிறோம், திறந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆர்வமாகத் திறப்பவர்கள் வாரம் ஒரு புதுக் கருவியைக் கொண்டுவந்து, அதை எப்படி இயக்குவது என்று சொல்லவே பாதி பீரியடைச் செலவழிக்கிறார்கள். பட்டியலில் இருப்பதையெல்லாம் முயல வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். அறிவியலுக்குத் திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் ஃபெட் (PhET), கணக்குக்கு வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா, வாசிப்புக்குக் கதைத் தளமான ஸ்டோரிவீவர், சிறு தேர்வுகளுக்கு கூகுள் ஃபார்ம்: இந்த நான்கும் கைக்குப் பழகிவிட்டால் ஓராண்டு தாராளமாக ஓடும். நான்குக்கும் காசு தேவையில்லை.

மற்ற எல்லாத் தவறுகளையும்விட எனக்கு அதிகம் உறுத்துவது, கருவியைப் பிள்ளைகளுக்குக் 'காட்டி' முடித்துவிடுவது.

ஃபெட்டையே எடுத்துக்கொள்வோம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இது. பல செயல்பாடுகள் தமிழிலும் உண்டு. அதில் மின்சுற்று அமைக்கும் செயல்பாட்டைப் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்குப் பயன்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மின்கலம், ஒரே மாதிரி இரண்டு பல்புகள், தொடர் இணைப்பு. ஆசிரியர் சாவியை மூடி, "பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி எரியுது" என்கிறார். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். ஆனால் 'முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மீதிதான் அடுத்த பல்புக்குப் போகும்' என்று பலர் மனதுக்குள் நம்பிக்கொண்டிருப்பார்கள். திரையில் பார்த்ததால் மட்டும் அந்த நம்பிக்கை போய்விடாது.

சாவியை மூடாமல் நிறுத்துங்கள். எந்தப் பல்பு அதிகம் ஒளிரும் என்று கேளுங்கள். கை தூக்கியவர்களின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவரை எழுப்பி ஏன் என்று கேளுங்கள். சரி, தவறு எதையும் சொல்லாதீர்கள். அப்புறம் சாவியை மூடுங்கள். அடுத்து மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின்னால் என்று மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு. தான் சொன்னது தவறு என்று கண்ணெதிரே பார்க்கும் பிள்ளை அப்போது கேட்கும் கேள்வியிலிருந்துதான் பாடமே தொடங்குகிறது. பக்க இணைப்புக்கும் இதே போல முதலில் ஊகம், பிறகு சாவி. நேரம் கூடுதலாகத்தான் ஆகும். பாடம் முடிக்க வேண்டிய நெருக்கடி எல்லோருக்கும் இருக்கிறது, தெரியும். ஆனாலும் இந்த இடத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஜியோஜீப்ராவில் வேறு விதமான தவறு. செங்கோண முக்கோணம் வேண்டும் என்றால், கண் மதிப்பில் மூன்று புள்ளிகளை வைத்து இணைத்துவிடுகிறார்கள். ஒரு முனையை இழுத்ததும் செங்கோணம் காணாமல் போகிறது. செங்குத்துக் கோடு வரையும் கருவியைக் கொண்டு அமைத்தால், எங்கே இழுத்தாலும் 90 பாகை மாறாது. பார்க்கச் செங்கோணமாக இருப்பதற்கும் செங்கோணமாகவே இருந்தாக வேண்டியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே இழுத்துப் பார்த்து உணர, இதைவிட நல்ல இடம் இல்லை. இன்னொன்று: கோணங்கள் இரண்டு தசம இடத்துக்கு முழுதாக்கிக் காட்டப்படுவதால், மூன்றையும் கூட்டினால் சில சமயம் 179.99 வரும். அதைக் கவனித்துச் சொல்லும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். முழுதாக்கல் பற்றிப் பேச அதைவிட நல்ல வாய்ப்பு வராது.

இணையம் வகுப்பு நேரத்தில் சரியாக வரும் என்று நம்பிப் போவதும் தவறுதான். ஃபெட்டின் புதிய செயல்பாடுகள் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பென் டிரைவில் கொண்டுபோனால் இணையம் இல்லாமலே பிரௌசரில் ஓடும். ஜியோஜீப்ராவைக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். நம் பாடநூல்களின் 'இணையச் செயல்பாடு' பக்கங்களில் அச்சான இணைப்புகளையும் முந்தைய நாளே திறந்து பாருங்கள். பழைய இணைப்புகள் எல்லாம் இன்றைக்கும் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஃப்ளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்யப்பட்டவற்றுக்கு 2020 முடிவோடு ஆயுள் முடிந்துவிட்டது.

தமிழில் கிடைக்கிறதே என்று இலங்கைப் பாடங்களை அப்படியே போட்டுக் காட்டும்போதும் கவனம் வேண்டும். அங்கே வேகம் என்பது நம் பாடநூலில் திசைவேகம். நம் வேகம் அங்கே கதி. ஆர்முடுகல் என்றால் முடுக்கம். தேர்வு எழுதப்போகும் பிள்ளையிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கூகுள் ஃபார்மில் செய்யும் தவறுகளுக்கான விலையைப் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று கட்டுப்பாடு வைத்தால், அது கூகுள் கணக்கை வைத்துத்தான் கணக்கிடும். அப்பாவின் ஒரே போனில், அவர் கணக்கிலேயே எழுதும் இரட்டையரில் ஒருவர் அனுப்பிவிட்டால், மற்றவரால் எழுத முடியாது. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கேள்வித்தாளை ஒட்டினால் புரியாத எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும். ஒரு சொல் விடைகளைத் தானாகத் திருத்தச் சொன்னால், 'ஒளிச்சேர்க்கை' என்று நீங்கள் கொடுத்திருக்க, 'ஒளிச் சேர்க்கை' என்று இடம்விட்டு எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் விழும். சரியான விடையாக இரண்டு வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள், அல்லது தெரிவு வினாவாக மாற்றுங்கள்.

வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் போன் கேட்கும் தேர்வே வேண்டாம். பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் கையில் அச்சிட்ட அட்டை மட்டும் போதும். விடைக்கு ஏற்ப அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், ஆசிரியர் தன் ஒரே போனால் வகுப்பு முழுவதையும் ஸ்கேன் செய்துவிடலாம்.

மதிப்பெண் பட்டியலை 'இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்' என்ற அனுமதியோடு பெற்றோர் குழுவில் போடுவது சாதாரணமாக நடக்கிறது. பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), போன் எண், மதிப்பெண் எல்லாம் ஒரே தாளில். குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளை அதை எப்படித் தாங்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா? ஃபார்மின் அமைப்புகளில் பதில்களின் சுருக்கத்தை எழுதியவர்களுக்கும் காட்டும் தெரிவு ஒன்று உண்டு. அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. தேர்வுக்குப் பெயரும் வரிசை எண்ணும் போதும், வேறெதையும் கேட்காதீர்கள்.

படங்களையும் கதைகளையும் கண்ட இடத்தில் எடுக்கும் பழக்கத்துக்கு ஸ்டோரிவீவர் நல்ல மாற்று. குழந்தைகள் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது இது. அங்குள்ள தமிழ்க் கதைகளை அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். உரிமமே அதற்கு அனுமதி தருகிறது. எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசியாக, சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேள்வித்தாள் கேட்பது. நேரம் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் ஒரு குறள் கேட்டால், வள்ளுவர் எழுதாத ஒன்றை அதிகார எண்ணோடு தயங்காமல் தந்துவிடும். முதல் அடியில் நான்கு, அடுத்த அடியில் மூன்று என்று சீரை எண்ணினாலே பல சமயம் மாட்டிக்கொள்ளும். சீர் சரியாக இருந்தாலும் நூலில் தேடிப் பார்க்காமல் விடாதீர்கள். அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கேள்விக்கும் விடை பாடநூலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். பக்க எண் கிடைக்காத கேள்வியை அடித்துவிடுங்கள்.