குறுகுறுப்பு வரவில்லை என்று இன்னொரு ஸ்கூப்: காஃபீனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயங்காலம் ஜிம்முக்கு வரும் புதுப்பையன்கள் ஷேக்கரைக் குலுக்குவதைப் பார்த்தால் என் பழைய கூத்தெல்லாம் ஞாபகம் வரும். தண்ணீர் குடி, வார்ம்-அப் செய் என்று எல்லாரும் சொல்லியாகிவிட்டது. அதை விட்டுவிடுகிறேன்.

குறுகுறுப்பை வைத்து அளவு பார்ப்பது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பயிற்சிக்கு முன்னால் குடிக்கும் காஃபீன் கலந்த ப்ரீ-ஒர்க்கவுட் பவுடரைக் கலக்கிக் குடித்த கால் மணி நேரத்தில் காதுமடலும் கன்னமும் குறுகுறுக்கும். "அண்ணே, ஏறிடுச்சு!" என்பான். ஏறியது காஃபீன் இல்லை தம்பி. அந்தப் பவுடரில் இருக்கும் பீட்டா-அலனின், தோலிலுள்ள நரம்புகளைச் சீண்டுகிறது. காஃபீன் இரத்தத்தில் உச்சத்துக்கு வரப் பெரும்பாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். வந்தாலும் புதிதாகச் சக்தி எதையும் கொண்டுவராது. மூளையில் சேரும் அடினோசின்தான் 'களைத்துவிட்டாய்' என்று சொல்லும். அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் துண்டு போட்டுவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கும், சேதி மட்டும் வராது.

ஒருமுறை டப்பாவை மாற்றினேன். புதியதில் பீட்டா-அலனின் இல்லை. குறுகுறுப்பு வராததால் சரக்கு டூப்ளிகேட் என்று நினைத்து இன்னொரு ஸ்கூப் போட்டேன். ஸ்கூப்புக்கு 200 மில்லிகிராம் என்று லேபிளில் இருந்திருக்கிறது, யார் படித்தது? வீட்டில் குடித்துவிட்டு வந்த காபி வேறு. மூன்றாவது செட் ஸ்குவாட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. ரேக்கில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் அடங்கும் நெஞ்சு அன்றைக்கு அடங்கவேயில்லை.

உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் போதும். 70 கிலோ ஆளுக்கு 210. புதியவர்கள் அதில் பாதியில் தொடங்கலாம். கிலோவுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் பலன் கூடாது, படபடப்பும் வயிற்றுக் கலக்கமும்தான் கூடும். காபி, டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மொத்தம் 400 மில்லிகிராமுக்குள் நிறுத்துங்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

தனி காஃபீன் பவுடர்

கிட்டவே போகாதீர்கள். 2015-ல் இங்கிலாந்தின் நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சியில் காஃபீன் என்ன செய்கிறது என்று பார்க்கும் சோதனையில் 0.3 கிராமுக்குப் பதிலாகச் சுமார் 30 கிராம் கலந்து கொடுத்துவிட்டார்கள். செல்போனில் போட்ட கணக்கில் புள்ளி இடம் மாறியிருந்தது. மாணவர்கள் இரண்டு பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், டயாலிசிஸ் செய்து பிழைத்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே இந்தக் கதி என்றால், வீட்டில் டீஸ்பூனால் அள்ளுகிறவனை என்ன சொல்ல?

ராத்திரி எட்டு மணி ஜிம்

உடம்பில் காஃபீன் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். எட்டு மணிக்கு 200 குடித்தால் ஒரு மணிக்கும் 100 பாக்கி. மறுநாள் தூக்கக் கலக்கத்தில் ஸ்கூப் இன்னும் பெரிதாகும்.

காபி குடித்தால் உடம்பில் தண்ணீர் வற்றுமா?

இந்த அளவுக்கெல்லாம் வற்றாது.

போட்டியன்று முதல் முறையாக

வேண்டவே வேண்டாம். என் முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டம் தொடங்கியபோது நான் கழிப்பறை வரிசையில் ஏழாவது ஆள்.