குறுக்குக்காற்றில் செஸ்னா 172: இறங்குவதும், இறங்காமல் ஏறிவிடுவதும்

செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில் இறங்கும்போது, ரன்வேக்குக் குறுக்கே அடிக்கும் காற்றின் கணக்கை சர்க்யூட்டுக்குள் (இறங்கும் முன் ரன்வேயைச் சுற்றிவரும் பாதை) நுழையும் முன்பே முடித்துவிடுங்கள். ரன்வேக்கும் காற்றுக்கும் 30 டிகிரி என்றால் காற்றின் வேகத்தில் பாதி குறுக்கே அடிக்கும். 45 என்றால் பத்தில் ஏழு பங்கு. 60-ஐத் தாண்டினால் முழுசாகவே வைத்துக்கொள்ளலாம். 172எஸ் மாடலின் கையேட்டில் உள்ள 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), சோதனை விமானி இறங்கிக் காட்டிய அளவு. மாணவர்கள் 8 நாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஃபைனலில் (ரன்வேயை நோக்கி நேராக இறங்கும் கடைசிக் கட்டம்), முழு ஃபிளாப்போடு (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) விமானத்தின் வேகம் 60 முதல் 70 நாட். காற்று 12-லிருந்து 20 நாட்டுக்கு எகிறி எகிறி அடித்தால், வித்தியாசத்தில் பாதியான 4 நாட்டைக் கூட்டுங்கள், அவ்வளவுதான். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மேலும் கூட்டினால் வினை. வேகம் 10 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். ஃபிளேரில், அதாவது தொடும் முன் மூக்கைச் சற்று உயர்த்தும்போது, விமானம் மிதந்துகொண்டே போக, ரன்வே கரைந்துவிடும்.

தொடுவதற்குச் சற்று முன் ரட்டரால் (காலால் மிதித்து இயக்கும் வால் சுக்கான்) மூக்கை ரன்வேக்கு நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையை எய்லரானால் (விமானத்தைச் சாய்க்க இறக்கை நுனியில் உள்ள பலகை) தாழ்த்துங்கள். அந்தப் பக்கச் சக்கரம்தான் முதலில் தொட வேண்டும். தொட்டதும் எய்லரானை விட்டுவிடுவது பலரும் செய்யும் தப்பு. வேகம் குறையக் குறைய அதை இன்னும் அதிகமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ரட்டரை முழுசாக மிதித்தும் மூக்கு நேராகவில்லையா? இந்தக் காற்றில் இந்த ரன்வே ஆகாது, கோ-அரவுண்ட்: இறங்காமல் மறுபடி ஏறிவிட வேண்டும்.

தரையிலிருந்து 500 அடியில் வேகம், நடுக்கோடு, இறங்கும் வீதம், ஃபிளாப் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் அதே முடிவுதான். ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொடாவிட்டாலும், தொட்டுப் பெரிதாகத் துள்ளினாலும் அப்படியே. துள்ளும்போது மூக்கை அமுக்காதீர்கள். மூக்குச் சக்கரம் முதலில் இடிக்கும், அடுத்த துள்ளல் இன்னும் மோசமாகும், எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வால் வளையும், புரொப்பெல்லர் தரையில் உரசும்.

பெரிய ஜெட்டில் இன்னொரு எல்லை உண்டு: ரிவர்சரை (எஞ்சின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பி விமானத்தை நிறுத்த உதவும் அமைப்பு) திறந்தபின் கோ-அரவுண்ட் கிடையாது. 2010 மே 22 அன்று மங்களூரில், துணை விமானி கோ-அரவுண்ட் சொல்லியும் போயிங் 737 இறங்கியது. 2,450 மீட்டர் ரன்வேயில் பாதிக்கும் மேல் தாண்டித் தொட்டு, ரிவர்சரைத் திறந்தபின் மறுபடி ஏறப் பார்த்தது. 158 பேர் இறந்தார்கள்.

இனி செஸ்னாவில் கோ-அரவுண்டுக்கான கைவேலை. எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டிலை முழுசாகத் தள்ளுங்கள்; கார்புரேட்டர் உள்ள பழைய மாடலில் கார்ப் ஹீட்டையும் (கார்புரேட்டரில் பனி படியாமல் சூடாக்கும் குமிழ்) உள்ளே தள்ளுங்கள். ஆபத்து இங்கேதான். ஃபைனலின் மெதுவான வேகத்துக்கு டிரிம் (கை அழுத்தாமலே மூக்கை ஒரே நிலையில் வைக்கும் அமைப்பு) வைத்திருப்பீர்கள். முழு பவர் வந்த கணமே மூக்கு தானாக எழும்பும், இடப்பக்கம் இழுக்கும். இடது கையால் கண்ட்ரோலை அழுத்தி முன்னே தள்ளிப் பிடியுங்கள், வலது ரட்டரை மிதியுங்கள். டிரிம்மை அப்புறம் பார்க்கலாம். மூக்கை அதன் போக்கில் விட்டால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும். மீள உயரம் இருக்காது.

அடுத்து ஃபிளாப் 20 டிகிரிக்கு. மொத்தமாக ஏற்றினால் விமானம் அப்படியே உட்கார்ந்துவிடும். 60 நாட்டில் ஏறத் தொடங்கியதும் 10. தடைகளைத் தாண்டி, வேகமும் கூடியபின் பூஜ்யம். டவருக்குக் கடைசியில் சொன்னால் போதும்.

இரண்டு முறை இப்படி ஏற நேர்ந்தால் மூன்றாவதாக அங்கேயே முயலாமல், காற்று நேராக வரும் வேறு ரன்வேக்குப் போங்கள். அதற்கான பெட்ரோல் கிளம்பும்போதே டேங்கில் இருக்க வேண்டும்.