பூவை வைத்து முதல் ஹைக்கூ எழுதுவது எப்படி?

படி 1: பூவைத் தேர்ந்தெடுங்கள்

ரோஜா வேண்டாம். வருஷம் முழுக்கக் கடையில் கிடைக்கும் பூ எந்தப் பருவத்தையும் சொல்லாது. ஹைக்கூ என்னும் ஜப்பானியக் குறுங்கவிதையில் 'கிகோ' எனப்படும் பருவச்சொல் முக்கியம். 'ஹனா', அதாவது பூ, என்று மட்டும் எழுதினாலே அங்கே சகுரா (செர்ரிப் பூ), வசந்தம் என்று புரிந்துகொள்வார்கள். எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு உரியது என்று பார்க்க 'சாய்ஜிகி' என்ற அகராதியே உண்டு. நமக்குப் பூசணிப்பூ என்றாலே மார்கழி. அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 2: மனதில் வந்ததை எழுதுங்கள்

மார்கழிக் குளிரில்
அழகாய்ச் சிரிக்கிறது
கோலத்தில் பூசணிப்பூ

மூன்று பகுதிகளில் முறையே 5, 7, 5 அசை என்ற ஜப்பானியக் கணக்கை இப்போது விட்டுவிடுங்கள். 'தோக்கியோ' என்பதே ஜப்பானியக் கணக்கில் 4 அசை. அந்த அளவு தமிழுக்கு அப்படியே பொருந்தாது. மூன்று சிறிய வரிகள் போதும்.

படி 3: மிகையை அடித்துவிடுங்கள்

பூசணிப்பூ வந்துவிட்டதால் 'மார்கழி', 'குளிர்' இரண்டும் மிகை. 'அழகாய்ச் சிரிக்கிறது' என்பது நம் அபிப்பிராயம், பூ சிரிக்கவில்லை.

சியோ-நி (1703–1775) என்ற பெண் கவிஞரின் புகழ்பெற்ற ஹைக்கூ ஒன்று. அசாகாவோ என்ற, காலையில் பூக்கும் கொடி கிணற்று வாளியைச் சுற்றிக்கொண்டுவிட்டது. அவர் வேறிடத்தில் தண்ணீர் கேட்டு வாங்குகிறார். அவ்வளவுதான். கொடியை அறுக்க மனம் வரவில்லை என்று அவர் சொல்லவே இல்லை, நமக்கே தெரிந்துவிடுகிறது. எனக்கு ஹைக்கூ என்றால் இதுதான். அந்தப் பூவும் ஜப்பானில் இலையுதிர்காலத்துப் பருவச்சொல்.

படி 4: வாசலுக்குப் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். விடிகாலையில் போங்கள், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். சாண உருண்டையில் செருகிய மஞ்சள் பூ, இதழில் ஓடும் பச்சை நரம்பு, உள்ளே ஒரு எறும்பு. அப்புறம் பூவை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள். யார் வருகிறார்கள், கோலத்தருகே என்ன செய்கிறார்கள்?

படி 5: இரண்டு காட்சிகளை அருகருகே வையுங்கள்

பூசணிப்பூ வைத்த கோலம்
சற்றே விலகிப் போகிறது
பால்காரர் சைக்கிள்

முதல் வரி முடிந்ததும் ஒரு நிறுத்தம் விழுகிறதா? ஜப்பானியர் அதற்கு 'யா' போன்ற வெட்டுச்சொல் வைப்பார்கள். நமக்கு வரி முறிவே போதும். விலகியது யார் என்பதைக் கடைசி வரிவரை மறைத்து வையுங்கள்.

சரி, அடுத்தது சித்திரை. வேப்பம்பூ உதிர்ந்த முற்றத்தைப் பெருக்க வருபவரின் விளக்குமாறு எந்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறது என்று பாருங்கள்.