ஊசி பழக்கம் இருக்கற தோழிக்கு போனை செட் பண்ணி தர்றது எப்படி

வலி மாத்திரையை கரைச்சு ஊசியில ஏத்துறது பசங்க மட்டும்தான்னு நெனைச்சுட்டு இருக்கோம், பொண்ணுங்களும் இருக்காங்க, வெளிய சொல்ல மாட்டாங்க அவ்ளோதான். அதுலயும் பல இடத்துல ஆம்பள போட்டு முடிச்சப்புறம் அதே ஊசிதான் இவங்க கைக்கு வரும், ஹெச்ஐவி உள்ள வர அது போதும்.

"இதுக்கு ஏதாச்சும் ஆப் இருக்காக்கா"ன்னு நெறைய பேர் கேக்கறாங்க. அமெரிக்காவுல ஓபியாய்டு (ஹெராயின், சில வலி மாத்திரை மாதிரி போதை) அடிமைத்தனத்துக்குன்னே ரீசெட்-ஓன்னு ஒரு ஆப், 2018ல அந்த நாட்டு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி எல்லாம் வாங்குச்சு, 2023ல கம்பெனியே திவால். அதனால நான் புது ஆப் எதையும் ஏத்த சொல்றதில்ல, போன்ல இருக்கற அலாரமும் கேலண்டருமே போதும்.

முதல்ல கேக்க வேண்டியது, போன் யாரோடது? வீட்டுக்காரரும் எடுத்து பாக்கற போன்னா கீழ சொல்ற எதையும் அதுல போடாதீங்க, 1097ங்கற நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ண வைங்க. தேசிய எய்ட்ஸ் ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

சொந்த போன்னா 1097ஐயும் போதை மீட்புக்கான 14446ஐயும் வேற பேர்ல சேவ் பண்ணுங்க. ஒரு அக்கா 'கேஸ் புக்கிங்'னு போட்டு வெச்சாங்க, வீட்டுக்காரர் சிலிண்டருக்காக அதுக்கே அடிச்சுட்டார்! அதுலேர்ந்து நான் சொல்றது 'பிளவுஸ் டெய்லர்'தான், அந்த நம்பருக்கு எந்த ஆம்பளையும் கூப்பிட போறதில்ல. பேசி முடிச்சதும் கால் லிஸ்ட்ல அழிச்சுடணும்.

அடுத்து அலாரம், முக்கியமான வேலையே இதுதான். ஓஎஸ்டி சென்டர்ல, அதாவது ஊசி போதைக்கு பதிலா மாற்று மருந்து தர்ற இடத்துல, புப்ரெநார்ஃபின் தருவாங்க, நாக்குக்கு அடியில வெச்சு கரைய விடற மாத்திரை, அதை ஒழுங்கா எடுத்தா உடம்பு ஊசியை தேடறது அடங்கும், இந்த மாதிரி மாற்று மருந்து எடுக்கறவங்களுக்கு ஹெச்ஐவி ரிஸ்க் கிட்டத்தட்ட பாதியா குறையுதுன்னு பல நாட்டு ஆய்வுகளை சேர்த்து பாத்து சொல்லியிருக்காங்க. ஆனா டோஸ் விட்டுப்போச்சுன்னா உடம்பு வலி, குளிர், தூக்கமில்ல, திரும்ப ஊசிதான். அதனால ரெண்டு அலாரம் வைங்க, ஒண்ணு வீட்டை விட்டு கெளம்பற நேரத்துக்கு, இன்னொண்ணு சென்டர் மூடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. லேபிள்ல மருந்து பேர் வேண்டாம், அலாரம் அடிக்கறப்போ ஸ்க்ரீன்ல பெருசா தெரியும், 'ரேஷன்'னு போதும்.

கேலண்டர்ல ஹெச்ஐவி டெஸ்ட் தேதி. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசமா பாப்பாங்க. இன்னைக்கு நெகட்டிவ்னு வந்தா அதோட முடியல, போன வாரம் தொத்தியிருந்தா இப்போ டெஸ்ட்ல காட்டாது, அதனால சரியா 3 மாசம் தள்ளி இன்னொரு தேதி போடுங்க. ஹெச்ஐவி தொத்தாம இருக்க முன்கூட்டியே தினமும் போடற பிரெப் மாத்திரை பத்தியும் அங்கயே விசாரிங்க.

ஊசி பகிர்ந்தாச்சு, இல்ல காண்டம் கிழிஞ்சுடுச்சு, அப்போ? அந்த நிமிஷத்துலேர்ந்து 72 மணி நேரத்துக்குள்ள பெப்ங்கற, ஹெச்ஐவி தொத்தாம தடுக்கற மருந்தை ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, ஏஆர்டி சென்டருக்கு (ஹெச்ஐவி மருந்து தர்ற இடம்) இல்ல எமர்ஜென்சிக்கு ஓடுங்க. 28 நாள் எடுக்கணும், அதுக்கும் ஒரு அலாரம்.

பயப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், 2017 ஹெச்ஐவி சட்டப்படி சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக்கூடாது, ரிசல்ட்டை வீட்டுக்காரருக்கோ வேலை இடத்துக்கோ யாரும் அவங்க இஷ்டத்துக்கு சொல்லவும் கூடாது.

கடைசியா செட்டிங்ஸ் போய் லாக் ஸ்க்ரீன்ல மெசேஜ் தெரியாம மறைச்சுடுங்க. பின் நம்பரை அவங்க கையாலயே மாத்த சொல்லுங்க, நீங்க தலைய அந்த பக்கம் திருப்பிக்கோங்க. கல்யாண தேதி, கொழந்தை பொறந்தநாள் எதுவும் வேண்டாம், வீட்டுக்காரர் முதல்ல அதைத்தான் அடிச்சு பாப்பார்.