வழக்குக் கோவையை மேற்பார்வை செய்பவர் கவனிக்க வேண்டியவை

திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் அரச தரப்பு வழக்கை நடத்துபவர் அரச சட்டத்தரணி. ஆனால் அவர் கையில் இருக்கும் கோவையை அடுக்கியவர்கள், எழுதியவர்கள், மொழிபெயர்த்தவர்கள் வேறு உத்தியோகத்தர்கள். அவர்களுடைய வேலையைச் சரிபார்த்து ஒப்பமிடும் பொறுப்பு முதன்முறையாகத் தம்மிடம் வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேற்பார்வை என்பது வரவுப் பதிவேட்டைப் பார்ப்பதும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதும் மட்டும் என்று எண்ணி வருபவர்கள் பலர். கோவையின் ஒவ்வொரு தாளையும் அரச சட்டத்தரணிக்கு முன்பே நீங்கள் வாசித்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

புதிய கோவை வந்தவுடன் முதல் முறைப்பாடு, நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் சமர்ப்பித்த பி அறிக்கைகள் (புலனாய்வு பற்றி மன்றுக்கு அறிவிப்பவை), வாக்குமூலங்கள், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை ஆகியவற்றை நிகழ்ந்த வரிசையிலேயே வாசியுங்கள். அதன் பின்னரே குற்றப்பத்திரத்தைக் கையில் எடுங்கள். அதில் இணைக்கப்பட்டுள்ள சாட்சிப் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாக்குமூலம் உண்டா, ஆவணப் பட்டியலின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு தாள் உண்டா என்று பென்சிலால் அடையாளமிட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாதங்களுக்கு இந்த வேலையை வேறு எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

எங்கள் மாவட்டத்தில் அதிகத் தொல்லை தருவது பெயர்தான். ஒருவருடைய பெயர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். முதலெழுத்தோ அதைவிடச் சிக்கலானது. சிங்களத் தாளில் 'எஸ்.' என்றிருப்பது தமிழில் 'ச.' ஆகவும் இருக்கலாம், 'செ.' ஆகவும் இருக்கலாம், 'சு.' ஆகவும் இருக்கலாம். நான் இந்தப் பணிக்கு வந்த புதிதில், ஒரே கிராமத்தில் ஒரே பெயருடன் இருந்த இருவரில் தவறானவருக்கு அழைப்பாணை போய்ச் சேர்ந்தது. வர வேண்டிய சாட்சி வீட்டிலிருந்தார்; வந்தவருக்கு வழக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது; வழக்கு மறு தவணைக்குப் போனது. முதலெழுத்தை ஊகித்து எழுதிய தாளில் ஒப்பமிட்டவன் நான். அன்று முதல் ஒவ்வொரு கோவையின் உள்ளட்டையிலும் சாட்சிகளின் பெயரை மூன்று மொழிகளிலும், தேசிய அடையாள அட்டை இலக்கத்துடனும் கிராம சேவகர் பிரிவுடனும் எழுதுவித்து வருகிறேன். முதலெழுத்தை விரித்து, தகப்பன் பெயரை முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது இதைவிட நுட்பமான வேலை. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்றப் பதிவுகள் தமிழில் இருந்தாலும், பொலிஸ் வாக்குமூலங்கள் பல சிங்களத்தில் எழுதப்பட்டு வருகின்றன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, சாட்சி பொலிஸாரிடம் கூறியதற்கும் மன்றில் கூறுவதற்கும் உள்ள முரணைக் காட்ட அந்த வாக்குமூலம் பயன்படும் என்பதால், மொழிபெயர்ப்பில் மாறும் ஒரு சொல் உண்மை பேசும் சாட்சியைக்கூடப் பொய்யராகக் காட்டிவிடக்கூடும். 'பிஹியென் கஹுவா' என்று சிங்களத்தில் இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியால் தாக்கினார் என்பதே அதன் பொருள்; வெட்டினாரா, குத்தினாரா என்பதை அந்தச் சொல் கூறவில்லை. மொழிபெயர்ப்பாளர் வைத்திய அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, வெட்டுக்காயம் என்றிருப்பதால் 'வெட்டினார்' என்று எழுதிவிடுவார். அவர் நல்லெண்ணத்துடன்தான் எழுதுகிறார், ஆனாலும் சாட்சி சொல்லாததைச் சாட்சியின் வாயில் வைத்துவிடுகிறார். மூலத்தில் தெளிவில்லாதது தமிழிலும் தெளிவில்லாமலேயே இருக்க வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போகும்போதும் இதே கவனம் வேண்டும்: கிண்ணியாவைச் சேர்ந்த சாட்சி 'காக்கா' என்று குறிப்பிடுபவர் உடன்பிறந்த அண்ணனாகவும் இருக்கலாம், மரியாதைக்காக அப்படி அழைக்கப்படும் அயலவராகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் அரச சட்டத்தரணியிடம் குறிப்பு எழுதிக் கொடுங்கள். நீங்களாகத் தீர்க்க வேண்டாம்.

போதைப்பொருள் வழக்குகளில் நிறையைப் பாருங்கள். ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும் சட்டம் இது. பொலிஸார் கைப்பற்றியபோது எடுத்த மொத்த நிறையும், அரச பகுப்பாய்வாளர் கண்டறிந்த தூய ஹெரோயினின் நிறையும் வெவ்வேறு எண்கள். குற்றப்பத்திரத்தில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று தசமப் புள்ளி வரை ஒப்பிடுங்கள். முத்திரை இடப்பட்ட பொதி எந்தத் திகதியில் எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என்பதற்கான பற்றுச்சீட்டுகள் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும்.

விளக்கமறியலில் இருக்கும் எதிரிகளுக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு, தனிப் பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கைதான திகதியை முதல் நிரலில் எழுதுங்கள். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பொருந்தும் வழக்குகளில் 12 மாதங்களுக்கு மேல் ஒருவரைத் தடுத்து வைக்க வேண்டுமானால், சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். பத்தாம் மாதத்திலேயே அந்தக் கோவை அரச சட்டத்தரணியின் மேசைக்குப் போய்விட வேண்டும். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு மனிதர் அங்கே நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதை உங்கள் உத்தியோகத்தர்கள் மறக்க விடாதீர்கள்.

சாட்சிகள் வரும் நாளில் உங்கள் பிரிவின் பொறுப்பு இன்னும் கூடும். வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வருபவர் ஒரு நாள் கூலியை இழந்து, விடியற்காலை பஸ்ஸில் ஏறி வந்திருப்பார். தவணை மாறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் முதல் நாளே அவருக்கு அறிவிக்கும்படி உரிய பொலிஸ் நிலையத்திடம் கேளுங்கள். வந்தவரை எதிரியின் உறவினர்கள் நிற்கும் வராந்தாவில் நிறுத்த வேண்டாம். எவராவது மிரட்டியதாக அவர் சொன்னால் அன்றே எழுத்தில் பதிந்து அரச சட்டத்தரணிக்கு அறிவியுங்கள்; 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் சாட்சிகளின் பாதுகாப்புக்கென்றே உள்ளது. "தம்பி, நான் என்ன சொல்ல வேண்டும்?" என்று வயதான அம்மா ஒருவர் கேட்டால், "நீங்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள், அம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் உங்கள் உத்தியோகத்தர்கள் சொல்லக் கூடாது. வழக்கு வெல்லுமா, எவ்வளவு தண்டனை கிடைக்கும் என்ற கேள்விகளுக்கும் அவர்கள் பதிலளிக்கக் கூடாது.

கோவையின் எந்தப் பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைத் தடை செய்யுங்கள். அவசரத்துக்காக என்றாலும் விதிவிலக்கு வேண்டாம். பாலியல் குற்ற வழக்குகளின் கோவைகள் பூட்டிய அலுமாரியிலேயே இருக்கட்டும். அட்டையின் மேல் பாதிக்கப்பட்டவரின் பெயர் வேண்டாம், வழக்கிலக்கம் போதும்.

இடமாற்றம் எந்த நேரமும் வரலாம். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகத்தை விட்டுப் புறப்படுவதற்கு முன், அடுத்த இரண்டு வாரங்களின் தவணைகள், இன்னும் வராத அறிக்கைகள், திரும்பி வந்த அழைப்பாணைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு ஒப்பமிட்டு, பதிவேட்டின் முதல் பக்கத்தில் செருகி வையுங்கள். திங்கட்கிழமை உங்கள் கதிரையில் வேறொருவர் அமர்ந்தால் அவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.