ஹெச்பிஎல்சி நிரலில் ஏற்றுவதற்கு முன் யூரியா

ஆளி விதை எண்ணெயிலிருந்து லினோலெனிக் அமிலத்தைப் பிரிக்கிறீர்களா? கொழுப்பு அமிலக் கலவையை நேரே ஹெச்பிஎல்சி (உயர் அழுத்தத்தில் கரைசலைத் தள்ளிக் கலவையைப் பிரிக்கும் கருவி) நிரலில், அதாவது அதன் பிரிக்கும் குழாயில் (column), ஏற்றாதீர்கள். அதைப் போல மூன்று நான்கு மடங்கு எடை யூரியாவை 95% எத்தனாலில் சூடாக்கிக் கரைத்து, கலவையைச் சேர்த்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும். அதை வடித்து எறியலாம், நமக்கு வேண்டியது வடிநீரில்தான். லேசாக அமிலமாக்கிய நீர் விட்டு ஹெக்சேன் கரைப்பானில் பிரித்தெடுங்கள்.

யூரியா படிகமாகும்போது நடுவே குறுகிய குழாய் போன்ற இடைவெளி உண்டாகிறது. பால்மிடிக், ஸ்டியரிக் போன்ற நேரான சங்கிலிகள் அதற்குள் புகுந்துகொள்ளும், ஒரே இரட்டைப் பிணைப்புள்ள ஓலிக்கும் பெரும்பாலும் மாட்டும். மூன்று இரட்டைப் பிணைப்பால் வளைந்த லினோலெனிக் நுழையாது. விலை உயர்ந்த நிரலின் சுமை இப்படிப் பெருமளவு குறைகிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலெயிக் கொஞ்சம் கூடவே வரும், அதைப் பிரிப்பதுதான் சி18 (18 கார்பன் சங்கிலி பிணைத்த துகள்கள் நிரப்பிய) நிரலின் உண்மையான வேலை.

முதலில் எண்ணெயை நீராற்பகுத்துத் தனி அமிலமாகவோ எஸ்டராகவோ ஆக்கியிருக்க வேண்டும், மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு பிணைந்திருக்கும் டிரைகிளிசரைடில் (எண்ணெயின் இயல்பான வடிவம்) இது பலிக்காது. தேங்காயெண்ணெய்க்கும் வேண்டாம், அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலமே யூரியாவோடு போய்விடும். உணவுக்கான பொருள் என்றால் சூட்டை நீட்டாதீர்கள்: யூரியாவும் எத்தனாலும் சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய எத்தில் கார்பமேட் உருவாகலாம்.